கண்ணிமைக்குள்ள அரைக்கால் பவுண்

போன கிழமை ஆரையம்பதியில நமக்குத் தெரிஞ்ச ஒரு மாமிய பாக்கப் போனா, இருக்கச் சொல்ல முதலே கேக்கிறா, "மனே, கண் மூட ஏலாத ஆக்களுக்கு இமைக்குள்ள தங்கம் வெச்சுத் தைக்கிறாங்களாமே, மெய்தானா?" எண்டு. அவவுக்கே வலப்பக்க முகம் விழுந்து நாலு நாள். சிரிச்சா வாய் இடப்பக்கம் ஓடுது, பிளேன்டி குடிச்சா வலக்கடவாயால வழியுது, வலது கண் மட்டும் முழிச்ச முழியா நிக்கிது. பக்கத்து வீட்டுக்காரர் கல்லடிப் பாலத்துக் காத்துப் பட்டதெண்டாராம், இன்னொரு ஆள் செய்வினையெண்டு நூல் கட்டக் கூப்பிட்டாவாம். நல்ல காலம், மகள் ரெண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போய்ட்டா.

தங்கக் கதை மெய்தான். அதச் சொல்ல முதல் கொஞ்சம் அடிப்படை.

முகத்த ஆட்டுறது ஏழாவது மண்டையோட்டு நரம்பு. காதுக்குப் பக்கத்தால ஒரு ஒடுங்கின எலும்புக் குழாய்க்குள்ளால அது வெளிய வருது, அதுக்குள்ள வீங்கினா நசுங்கிப் போகும், அந்தப் பக்க முகம் முழுக்க விழுந்திரும். இத 1821ல விளக்கி எழுதினவர் சார்ள்ஸ் பெல் எண்ட ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை டொக்டர், அதனாலதான் இந்த வருத்தத்துக்கு பெல்ஸ் பால்சி எண்டு பேர். ஸ்ட்ரோக்குலயும் முகம் கோணும், ஆனா அதுல பொதுவா நெத்திய சுருக்க ஏலும், இதுல ஏலாது. ரெண்டுல எதெண்டு வீட்டுல இருந்து நீங்க முடிவெடுக்க வேணாம், உடனே போங்க. பெல்ஸ் பால்சிக்கு ஸ்டீரொய்ட் குளிசைய 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன், நூல் கட்டி ரெண்டு நாள் பாத்தா அந்த நேரம் போயிரும். நூல் கட்டினவருக்கு நட்டமில்ல, முகம் உங்கட.

இப்ப கண்ணுக்கு வருவம். இமைய மூடுறது ஒரு தசை, மேல தூக்குறது வேற தசை. மூடுற தசைக்கு ஏழாம் நரம்பு, தூக்குற தசைக்கு மூணாம் நரம்பு. ஏழு செத்தாலும் மூணு நல்லா வேலை செய்யிறதால கண் திறக்கும், மூடாது. கருவிழிக்குள்ள ரத்தக் குழாய் கிடையாது, காத்துல இருக்கிற ஒட்சிசன் கண்ணீர்ல கரைஞ்சுதான் அதுக்குப் போய்ச் சேருது. ஒவ்வொரு இமைப்பும் அந்தக் கண்ணீர புதுசா பூசுது. அது நிண்டு, மறுகா நம்மட கச்சான் காத்தும் முகத்துல அடிச்சா கருவிழி காய்ஞ்சு புண்ணாகும், பார்வையே போகலாம்.

இனி எனக்குப் பைத்தியம் பிடிச்ச இடம். கண் இமைக்கிறதெண்டா மூடுற தசை இழுக்கிறது மட்டுமெண்டு நானும் கனகாலம் நினைச்சிருந்தன். இல்ல. நீங்க முழிச்சிருக்கிற நேரம் முழுக்க தூக்குற தசை ஓயாம இமையத் தூக்கிப் பிடிச்சுக் கொண்டுதான் இருக்கு. இமைக்கிற நேரம் மூளை ரெண்டு கட்டளை போடுது, முதல்ல தூக்குறவனுக்கு "கைய விடு", பிறகுதான் மூடுறவனுக்கு "இழு". முகம் விழுந்த ஆளுக்கு ரெண்டாவது கட்டளை போய்ச் சேராது, ஆனா அந்த முதல் கட்டளை இருக்கே, அது மூணாம் நரம்பால போறதால பிசகாம போகுது! தூக்குறவன் ஒவ்வொரு இமைப்புக்கும் கைய விட்டுக்கொண்டுதான் இருக்கான், கீழ இழுக்கத்தான் ஆளில்ல. அந்த ஆளுக்குப் பதிலா புவியீர்ப்ப வேலைக்கு வெக்கிறதுதான் தங்கம்.

வாவியில வீச்சுவலை வீசுறத பாத்திருப்பீங்க. வலைட விளிம்புல ஈயம் கட்டாட்டி அது தண்ணியில பரந்து மிதக்கும், ஈயம் இருந்தா கைய விட்டதும் சர்ரெண்டு இறங்கும். அதே கதைதான். மேலிமைத் தோலுக்குக் கீழ, கண் குண்டுக்கேத்த மாதிரி வளைச்ச ஒரு தங்கத் தகட்ட வெச்சுத் தைக்கிறாங்க, ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, எடை ஒரு கிராம் சொச்சம். எட்டு கிராம் ஒரு பவுணெண்டா, அரைக்கால் பவுண்! ஏன் தங்கம்? இரும்ப விட ரெண்டரை மடங்கு அடர்த்தி, சின்னத் தகட்டுல எடை கிடைக்கும், துருப்பிடிக்காது, உடம்பும் லேசுல எதிர்க்காது. ஆனா மாமிட காப்ப உருக்கிச் செய்ய ஏலாது, அதுல செம்பு கலந்திருக்கும், இதுக்கு 24 கரட் வேணும். பிளாட்டினமும் பாவிக்கிறாங்க, அது தங்கத்த விட இன்னும் அடர்த்தி, அதனால இன்னும் மெலிசாச் செய்யலாம்.

எத்தனை கிராமெண்டு கணக்குப் போட்டெல்லாம் முடிவெடுக்கிறதில்ல. ஆள இருத்தி, இமைக்கு வெளிய வேற வேற எடைய ஒட்டி ஒட்டிப் பாக்கிறது. கண் மூடவும் வேணும், திறந்தா இமை தொங்கவும் கூடாது. இந்த எளிமைய பாக்க எனக்கு மெய்யா சந்தோசம்.

இதுல ஒரு பகிடி இருக்கு. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆள பாயோட ஒட்ட வெச்சிருவாங்கெண்டு வெளியூர்க்காரர் சொல்றவங்கதானே, இந்த மந்திரம் பாயில படுத்தா பலிக்காது! இருக்கேக்க எடை இமையக் கன்னத்துப் பக்கம் இழுக்கும். மல்லாக்கப் படுத்தா கீழ எண்டுறது பின்மண்டைப் பக்கம், எடை கண்குழிக்குள்ள சாயும், சில பேருக்கு கண் இன்னும் திறக்கும். அதனால தங்கம் வெச்ச ஆளும் தலையணைய உயர்த்தி, ராவைக்கு களிம்பு பூசித்தான் படுக்க வேணும்.

மட்டக்களப்பு வாவிக்குள்ள இருக்கிற மாந்தீவு தொழுநோய் ஆஸ்பத்திரிய இங்க எல்லாருக்கும் தெரியும். தொழுநோய் கண் மூடுற அந்த நரம்புக் கிளையையும் தாக்கும். அந்த நோயாளிகளுக்குச் செய்யிற ஒரு ஒப்பரேசன்ல, நெத்திப்பொட்டுக்கு மேல இருக்கிற சப்புற தசையில ஒரு துண்ட எடுத்து இமைக்குள்ளால கொண்டு போய்க் கட்டுவாங்க. பல்லக் கடிச்சா கண் மூடும், சோறு சப்பினாலும் மூடும். இந்த மாதிரி வறுமைப்பட்ட ஆக்கள்ட வருத்தங்களுக்கு ஆராய்ச்சிக் காசு ஒதுக்கிறது எப்பவும் கடைசியிலதான், அதுல எனக்குக் கோவம் இருக்கு.

மாமிக்கு இப்ப தங்கம் தேவையில்ல. பெல்ஸ் பால்சி பெரும்பாலும் கிழமைக் கணக்குல, மாதக் கணக்குல தானா மாறும், மாறாட்டித்தான் அந்தக் கதை. அதுவரைக்கும் பகலைக்கு சொட்டு மருந்து, ராவைக்கு களிம்பு பூசி, இமைய விரலால கீழ இறக்கி மூடி, மேல பிளாஸ்டர். திறந்த கண்ணுக்கு மேல பஞ்ச வெச்சுக் கட்டினா பஞ்சே கருவிழிய உரசிப் புண்ணாக்கிரும், மகளுக்கு அத ரெண்டு தரம் சொன்னன்.

எல்லாம் கேட்டுட்டு மாமி கண்ணத் துடைச்சுக்கொண்டு கேட்டா, "வெச்ச பிறகு சுகமானா என்ன செய்யிற?"

"எடுத்திரலாம் மாமி."

"எடுத்தா அந்தத் தங்கம் ஆருக்கு மனே?"