பிரதோஷ நிலாவில் ராமன் பள்ளம்

வளர்பிறைப் பிரதோஷத்தன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் தீபாராதனை முடிந்து வெளியே வரும்போது, கிழக்கே கடல் பக்கம் நிலா ஏற்கெனவே நன்றாக ஏறியிருக்கும். முழு வட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் குறை. கடலைப் பார்த்த அடிப்பக்கம்தான் அந்தக் குறை. ஏறக்குறைய அதே வேளையில், நிலாவின் அந்த இருள் ஓரத்தை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளத்தில் பொழுது விடிந்துகொண்டிருக்கும். விட்டம் சுமார் 10 கி.மீ. பெயர் ராமன், திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் நோபல் பரிசு வாங்கிய அதே சர் சி.வி. ராமன்.

பிரதோஷத்துக்கும் இந்தப் பள்ளத்துக்கும் முடிச்சுப் போடுவது ஒரு கூட்டல் கணக்கு. வானத்தில் சூரியனிலிருந்து நிலா விலகி நிற்கும் கோணத்தை 12 பாகை வீதம் வெட்டினால் ஒரு துண்டு ஒரு திதி. அஷ்டமியின் நடுவில் விலகல் 90 பாகை. நிலாவின் ஒளியும் இருளும் பிரியும் கோடு அப்போது முகத்தின் நட்டநடுவில் நிற்கும். பிறகு விலகல் ஒரு பாகை கூடினால் கோடு ஒரு பாகை நிலாவின் மேற்கே போகும் (நிலாவின் மேற்கு, நம் வானத்தில் கிழக்குப் பக்கம்). ராமன் பள்ளம் 55 பாகை மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. 90-ம் 55-ம் 145. திரயோதசி பிறப்பது 144-இல். பிரதோஷம் என்பதே சாயங்காலத்தில் திரயோதசி இருக்கும் நாள்தானே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலா மாதம் முழுக்க இடமும் வலமுமாக லேசாகத் தலையை ஆட்டுகிறது. அதனால் கணக்கு ஏழெட்டுப் பாகை முன்பின் ஆகும். நேரத்தில் அரை நாளுக்கும் மேல். சில பிரதோஷங்களில் பள்ளம் இன்னும் இருட்டுக்குள்ளேயே கிடக்கும். அப்படியானால் மறுநாள் பார்க்க வேண்டியதுதான். வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி சில மணி நேரம் தள்ளிப்போவதும் உண்டு; இந்த வேலைக்குத் திருக்கணிதம்தான் சரி.

பள்ளம் இருக்குமிடம் நிலாவின் வடமேற்கில் உள்ள அரிஸ்டார்க்கஸ் மேட்டுநிலம். சுற்றிலும் ‘புயல்களின் பெருங்கடல்’ என்கிற எரிமலைக் குழம்புச் சமவெளி. அதிலிருந்து சுமார் 2 கி.மீ. உயர்ந்து நிற்கும் இந்த மேடு 200 கி.மீ. அகலம். ராமனுக்கு வடக்கே அக்ரிகோலா என்கிற நீண்ட மலைத்தொடர்.

பள்ளம் வட்டமாக இல்லை, நீள்வட்டம். இது கவனிக்க வேண்டிய சங்கதி. விண்கல் சாய்வாக விழுந்தால் பள்ளமும் நீளமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலான பள்ளங்கள் வட்டமே. விநாடிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கல் மண்ணைத் தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும், கல் வந்த திசை அதில் அழிந்துபோகும். தரையோடு ஏறத்தாழ 15 பாகைக்கும் குறைவாக உரசிக்கொண்டு வந்தால்தான் நீளம் தெரிய ஆரம்பிக்கும். அத்தனை தாழ்வாக வருபவை நூற்றில் ஏழு இருந்தால் அதிகம். ராமன் அப்படி வந்த ஒரு கல்லின் வேலையாக இருக்கலாம்; அடுத்தடுத்து விழுந்த இரண்டு கற்களின் பள்ளங்கள் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

இனி பெயர். 1976 வரை இதற்குத் தனிப் பெயர் கிடையாது; ‘ஹெரோடோட்டஸ் டி’ என்றுதான் இருந்தது. பெரிய பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயரிடும் வழக்கத்தை 1651-இல் இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி நிலைநிறுத்தினார். 1830-களில் ஜெர்மன் வானியலாளர்கள் பியரும் மேட்லரும் நிலா வரைபடம் போட்டபோது, பக்கத்துப் பெரிய பள்ளத்தின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துச் சின்னப் பள்ளங்களைக் குறித்தார்கள். நம் ஊரில் 12/ஏ, 12/பி என்று கதவு எண் போடுவதுபோலத்தான். எந்தப் பெரிய பள்ளத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்ட, அந்தப் பக்கமாகவே எழுத்தை எழுதுவது வழக்கம். 1935-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இந்த முறையை அதிகாரபூர்வமாக்கியது.

அப்போலோ 15, 16, 17 பயணங்களில் நிலாவைச் சுற்றிய கலத்திலிருந்தே கேமராக்கள் தரையைப் படமெடுத்தன. அவற்றைக் கொண்டு 1:2,50,000 அளவில் தாள் தாளாக வரைபடங்கள் தயாராயின. அந்த அளவில் 10 கி.மீ. பள்ளம் தாளில் 4 செ.மீ. ஆகிவிடும். தாளில் பளிச்சென்று தெரியும் ஒன்றை இன்னும் எழுத்தாலேயே சுட்டுவது தோதுப்படாது. 1970-களில் எழுத்துப் பள்ளங்கள் பல தனிப் பெயர் பெற்றது இந்தத் தேவையால்தான். 1970-இல் ராமன் காலமானார். 1976-இல் ஹெரோடோட்டஸ் டி அவர் பெயரை ஏற்றது. அதேபோல பெசல் ஏ சாராபாய் ஆனது, மாஸ்கெலின் இ ஆரியபட்டா ஆனது. ராமனுக்குப் பக்கத்திலேயே 2 கி.மீ. அளவில் ஒரு குழி இருக்கிறது. பெயர் ஃபிராய்ட், மனப்பகுப்பாய்வு ஃபிராய்டேதான். வேறு சில பொடிக் குழிகளுக்கு யாரையும் குறிக்காத வெறும் ஆள்பெயர்களையே வைத்தார்கள். ரவி, கிருஷ்ணா என்று இரண்டு குழிகள் அந்தப் பட்டியலில் வருகின்றன.

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் இன்றைய விதிப்படி, பெயர் பெறுபவர் இறந்து மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். சமீப நூற்றாண்டுகளின் அரசியல், ராணுவ, மதத் தலைவர்கள் பெயர் கூடாது. 100 மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு, அறிவியல் காரணம் வலுவாக இல்லாவிட்டால் பெயரே கிடையாது. ஒன்றியம் எந்தப் பெயரையும் விற்பதில்லை. பிறந்தநாள் பரிசாக நிலாப் பள்ளத்துக்குப் பெயர் வைத்துச் சான்றிதழ் தருவதாக வரும் விளம்பரங்களுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்புதான்.

வடசென்னை மொட்டை மாடியிலிருந்து பள்ளத்தைப் பிடிப்பது கஷ்டமில்லை. ஹார்பரின் உயர்கோபுர விளக்குகளைப் பற்றிக் கவலை வேண்டாம், நிலாவை அவை ஒன்றும் செய்யாது. கெடுப்பது சூடு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தட்டோடும் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இரவு வெகுநேரம் அனலைக் கக்கும். அந்தக் காற்று வழியே பார்த்தால் நிலா தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல அலையும். ராயபுரம், காசிமேடு பக்கம் கடலை ஒட்டிய வீடுகளுக்கு இதில் யோகம்: கிழக்கே கூரைகள் கிடையாது, கடற்காற்று சீராக வரும். பார்ப்பதற்கு முக்கால் மணி முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிட வேண்டும், கண்ணாடி ஆற.

டெலஸ்கோப்பின் லென்ஸ் அல்லது ஆடி எவ்வளவு அகலம் வேண்டும்? நம் கண்ணுக்கு நிலாவில் ஓர் ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது சுமார் 1.9 கி.மீ. ராமன் ஒரு வாக்கில் 5 ஆர்க் செகண்ட்; நிலாவின் ஓரம் நோக்கிச் சாய்ந்திருப்பதால் மற்ற வாக்கில் அதில் பாதி. 60 மி.மீ. டெலஸ்கோப்பில் கரும்புள்ளிதான் மிஞ்சும். 100 மி.மீ.க்கு மேல் இருந்தால் பள்ளமாகத் தெரியும். 900 மி.மீ. குவியத்தூரமும் 130 மி.மீ. ஆடியும் உள்ள நியூட்டன் டெலஸ்கோப்பில் 6 மி.மீ. ஐபீஸ் போட்டால் 150 மடங்கு, தாராளம். அந்தப் பெருக்கத்தில் நிலா ஒன்றரை நிமிடத்துக்குள் பார்வையைக் கடந்து ஓடும். எனவே பள்ளத்தை ஓர் ஓரத்தில் நிறுத்தி, தானாக நடுவுக்கு வரவிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் அரிஸ்டார்க்கஸ்: 40 கி.மீ., கண்ணைக் கூசும் வெள்ளை. ஒட்டியே கருந்தரையோடு ஹெரோடோட்டஸ். அதன் வடக்கே பாம்புபோல் நெளியும் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு. அது வடக்கே போய் மேற்காகத் திரும்பும் வளைவைத் தாண்டினால் ராமன். ஹெரோடோட்டஸிலிருந்து 200 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் தொலைந்துபோவார்கள். வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும்; நம் 13 பாகை அட்சத்தில் கிழக்கே ஏறும் நிலாவில் வடக்கு இடப்பக்கம் சாய்ந்துவிடும். நியூட்டன் டெலஸ்கோப் அதையும் தலைகீழாக்கும். டயகனல் (பார்வையை மடக்கும் கண்ணாடி) போட்ட லென்ஸ் டெலஸ்கோப் இடம்வலம் மாற்றும். போனில் வரைபடத்தைச் சுழற்றி, டயகனல் என்றால் ஃபிளிப்பும் செய்துகொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

பள்ளத்தின் ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், சூரியன் அங்கே 11 பாகை ஏறும்வரை அடித்தளம் முழுக்க நிழல். ஏறத்தாழ ஒரு திதி நேரம். அந்தக் கறுப்புதான் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். பௌர்ணமியில் நிழல் சுருங்கி, வெளிச்சத்தில் அடையாளமே தெரியாது. நீள்வட்டமாகத் தெரிகிறதே என்று சாய்வு மோதலைக் கண்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்: விளிம்பை ஒட்டி எல்லா வட்டப் பள்ளமும் நசுங்கித்தான் தெரியும். ராமனின் நிஜ வடிவத்தைச் சுற்றுக்கலன் எடுத்த படத்தில்தான் பார்க்க முடியும்.

நேரம் இரவு எட்டரை முதல் ஒன்பதரை. பத்து மணிக்கு நிலா உச்சிக்கு வந்துவிடும், அதுவும் மார்கழி, தை என்றால் தலைக்கு நேர்மேலே. டாப்சன் மேடையை (தரையில் வைத்துச் சுழற்றும் வகை) திருப்ப முடியாது, முக்காலி என்றால் அதன் காலில் குழாய் இடிக்கும். அஸ்தமன நிழல் வேண்டுமென்றால் தேய்பிறைத் துவாதசி விடியற்காலை நாலரைக்கு மேல், கடலுக்கு மேலே பிறையில் தேடலாம். உப்புக்காற்று பட்ட ஆடியைத் துணியால் துடைக்காமல் டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கழுவி, சாய்த்து நிறுத்திக் காயவிட வேண்டும்.