வெருட்டுநிரல்: ஸ்கேர்வேருக்கு எங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்

போன கிழமை இரவு 9 மணி போலக் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து மாமி கோல் எடுத்தார். "தம்பி, கொம்பியூட்டருக்குள்ள அஞ்சு வைரஸ் பூந்திட்டுதாம், இப்பவே காசு கட்டாட்டி எல்லாம் அழிஞ்சு போகுமாம், சிவப்பாக் காட்டுது." நான் சொன்னது ஒரு வரிதான்: "மாமி, அது சும்மா வெருட்டுது, ஒண்டையும் அமத்தாதேங்கோ." போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இப்படிப் பொய் எச்சரிக்கை காட்டிக் காசு கேட்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் ஸ்கேர்வேர் என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று எத்தனையோ தரம் தடுமாறியிருக்கிறேன், அதை வாய் தானாகவே சொல்லிவிட்டது.

ஸ்கேர் என்றால் வெருட்டுதல், பழைய நோர்ஸ் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர் என்பது மரத்தின் வேர் இல்லை, விற்கிற பொருள், சரக்கு. (சரக்கு என்றால் எங்களுக்குக் கறிக்குப் போடும் சரக்குத்தூள், தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வேறொன்று, அதை விடுவோம்.) 1958இல் ஜான் டூக்கி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் சாஃப்ட்வேர் என்ற சொல்லை அச்சில் எழுதினார். அப்புறம் எதற்குப் பின்னாலும் வேரை ஒட்டிப் புதுச்சொல் பண்ணுவது கணினிக்காரர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கெடுதல் செய்யும் மால்வேர், வேவு பார்க்கும் ஸ்பைவேர், கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர், அந்த வரிசையில்தான் ஸ்கேர்வேரும். வெருட்டி விற்கும் சரக்கு என்பதுதான் அதன் நேர்ப்பொருள், விற்பதுதான் இதில் முக்கியம். இல்லாத நோயைக் காட்டி மருந்துக்குக் காசு கேட்பது.

இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்றெல்லாம் பெயர் வைத்து விற்ற ஒரு கூட்டத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2008இல் வழக்குப் போட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆட்கள் ஏமாந்து வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு, 2012இல் 163 மில்லியன் டொலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். அச்சுறுத்தும் மென்பொருள் என்று எழுதலாம்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மையான வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தமிழில் பேசினால் "3 அச்சுறுத்தல்கள் கண்டறியப்பட்டன" என்றுதான் சொல்லும், அங்கே அச்சுறுத்தல் என்பது நிஜமான ஆபத்து. பொய்க்கும் அதே சொல், மெய்க்கும் அதே சொல் என்றால் மாமி எதை நம்புவார்? பயமுறுத்தி என்பது பேய்க்கதைக்குத்தான் பொருந்தும்.

வெருட்டு அப்படியில்லை. வெரு என்றால் அச்சம். திருக்குறளில் 57ஆம் அதிகாரத்தின் பெயரே வெருவந்த செய்யாமை, குடிமக்கள் அஞ்சி நடுங்கும்படியான காரியத்தை அரசன் செய்யக்கூடாது என்பது. வெருள் என்றால் தானாக அஞ்சுவது, வெருட்டு என்றால் இன்னொருவரை அஞ்ச வைப்பது. உருள், உருட்டு, சுருள், சுருட்டு, மருள், மருட்டு என்ற அதே தன்வினை பிறவினைக் கணக்கு. தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கும் மிரட்டு கூட மிரள் என்பதில் இருந்து இதே வழியில் வந்ததுதான். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் வெருட்டுக்கு ஒரு கூடுதல் நிறம் உண்டு. "அவன் சும்மா வெருட்டுறான்" என்றால் அவன் கையில் ஒன்றுமில்லை, வாய் மட்டும்தான் என்று அர்த்தம். ஸ்கேர்வேரின் முழுச் சங்கதியும் அந்தச் சும்மாவில் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அது கிடையாது.

வெருளி என்றே சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். தோட்டத்தில் பழைய சேர்ட்டைப் போட்டு, சட்டித் தலையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து நிற்கிறதே, அதன் பெயரை இந்தக் கள்ளப் பொருளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வெருளி பயிரைக் காக்கிறது, இது பயிரையே மேய வந்தது. நிரல் என்றால் கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பு, புரோகிராம். வைரஸுக்கு நச்சுநிரல் என்ற சொல் இருக்கிறது, லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சுதான் என்பதால் அது கச்சிதமான பெயர். அதற்குப் பக்கத்தில் வெருட்டுநிரல் என்று வைத்தால் அழகாக உட்காரும்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்புப் பக்கம், பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் சின்னம், கீழே ஒரு தொலைபேசி இலக்கம். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் வரவே வராது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே இலக்கத்தைக் கண்டாலே விளங்கிக்கொள்ளலாம். மூடுவதற்கென்று அந்தப் பக்கம் காட்டும் பெருக்கல் குறியையும் நம்பக்கூடாது, அதுவே ஒரு பொத்தானாக இருக்கும். எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தேன், அசையவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்த ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காட்டும் டாஸ்க் மானேஜர் வந்தது, அதில் குரோம் உலாவியைத் தெரிவு செய்து, அதை நிறுத்த எண்ட் டாஸ்க் கொடுத்தேன். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று விட வேண்டும்.

பக்கம் போனது, ஆனால் 5 நிமிடத்தில் வலது மூலையில் சின்னப் பெட்டி ஒன்று துள்ளி வந்தது. மாமி நாடகம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம், ரோபோ இல்லை என்று காட்ட அலவ் என்பதை அமத்தச் சொல்லியிருக்கிறது, அவரும் அமத்தியிருக்கிறார். உண்மையில் அது, அறிவித்தல் அனுப்ப அந்தத் தளத்துக்குக் கொடுக்கும் அனுமதி. குரோமில் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அங்கே வாயில் நுழையாத பெயரோடு 4 தளங்கள், நாலையும் தூக்கினேன். உலாவியில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களையும் பார்த்தேன், நிறுவிய மென்பொருள்களைத் திகதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன், கடைசியில் விண்டோஸோடு வரும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளான டிஃபெண்டரை முழுதாக ஓடவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது, மாமி இரண்டு தரம் தேத்தண்ணி தந்தார், ஒன்றும் அகப்படவில்லை.

இங்கேதான் என் சொல்லுக்கே ஒரு இடி விழுந்தது. மாமியின் கணினியில் வெருட்டும் நிரல் என்று எதுவுமே இல்லை, கொடுத்த அனுமதி மட்டும்தான் இருந்தது. வின்ஃபிக்சர் மாதிரி உள்ளே வந்து குந்தியிருப்பதை வெருட்டுநிரல் என்று சொல்லலாம். மூலையில் துள்ளும் இந்தப் பெட்டிக்கு வெருட்டு அறிவித்தல் என்று எழுதுவேன், அதற்கு நிரல் என்ற மரியாதை கூடத் தேவையில்லை.