ஸ்டார், ஹாஷ் அழுத்தும் முன் முன்னால் என்ன குறி என்று பாருங்கள்

கம்பத்து டி.பி. பெட்டியை (லேண்ட்லைன் கம்பிகள் வீடுகளுக்குப் பிரியும் இடம்) திறந்தால் எல்லா ஜோடிக் கம்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எந்த வீட்டு லைன் என்று தெரிய, டெஸ்ட் போனைக் கோத்து ஒரு சோதனை எண்ணை அழுத்துவார்கள். அந்த லைனின் நம்பரை இயந்திரக் குரல் வாசிக்கும். பிரிட்டனில் இதற்கு 17070. மணி அடிக்கிறதா, லைனில் இரைச்சல் உண்டா என்றும் அதிலேயே பார்க்கலாம். இந்த எண்கள் லைனைப் பற்றிச் சொல்லும், லைனில் எதையும் மாற்றாது. அப்படி ஒன்று நம்மூரிலும் கிடைக்குமா என்று குருட்டாம்போக்கில் அழுத்திப் பார்த்தால் அவசர உதவி எண்ணான 112-இல் போய் முட்டவும் நேரலாம்.

செல்போன் குறியீடுகள் அப்படியல்ல. *# என்று தொடங்கினால் நெட்வொர்க்கிடம் கேள்வி கேட்கிறோம் (*#06# போன்ற சில போனிடமே கேட்பவை, அதில் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. வரும்). * அல்லது ** என்றால் ஒரு வசதியைப் போடுகிறோம். # அல்லது ## என்றால் எடுக்கிறோம். வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதியில் (கால் ஃபார்வர்டிங்) அடுத்து வரும் 21 என்பது எல்லா அழைப்பும். 67 பிஸியாக இருந்தால், 61 எடுக்காவிட்டால், 62 டவர் கிடைக்காவிட்டால்.

இப்போது தர்மபுரியில் ஒரு கடைக்காரருக்குப் போன் வருகிறது: "உங்க பார்சல் ஓசூர்ல நிக்குதுங்க, டெலிவரி பையன் லைன் கிடைக்கலைங்கறான். *21* போட்டு இந்தப் பத்து இலக்க நம்பர், கடைசில # அழுத்துங்க." அழுத்தியதும் அவருடைய அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குப் போகும். இவர் போன் மணியே அடிக்காது. எஸ்.எம்.எஸ். திரும்பாது, குரல் அழைப்பு மட்டுமே திரும்பும். அதனால்தான் வாட்ஸ்அப்பைத் திருடுபவர்கள் ஓ.டி.பி.யைப் 'போனில் சொல்லவும்' என்று வாட்ஸ்அப்பிடமே கேட்டு, திரும்பி வரும் அந்த அழைப்பில் வாங்குகிறார்கள்.

2024 ஏப்ரல் 15 முதல் குறியீடு வழி கால் ஃபார்வர்டிங்கை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதை நம்பி அசந்துவிட வேண்டாம். போன் செட்டிங்ஸ் வழியாகவும் ஃபார்வர்டிங் போடலாம், அதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் *#21#, *#67#, *#61#, *#62# நான்கையும் அழுத்துங்கள். எல்லாவற்றிலும் ஃபார்வர்ட் ஆகவில்லை என்று வந்தால் சரி. தெரியாத எண் வந்தால் ##002#. எல்லா ஃபார்வர்டிங்கும் போய்விடும். பிழைச்செய்தி வந்தால் போன் ஆப்பின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பகுதியைப் பாருங்கள். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு சிம்மிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

*#62#-இல் மட்டும் ஒரு எண் தெரிந்தால் பதற வேண்டாம். அஞ்செட்டி, தளி மலைப்பக்கம் டவர் போய்ப்போய் வரும்போது கிடைக்கும் மிஸ்டுகால் தகவல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. உங்கள் நிறுவன கஸ்டமர் கேரில் அந்த எண் அவர்களுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ##002# போட்டால் அந்தத் தகவலும் நின்றுபோகலாம்.

வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் நம்பர் போட்டுவையுங்கள். அழைப்பு திரும்பினாலும் அந்தப் பின் நம்பர் இல்லாமல் உடனே உள்ளே வர முடியாது. பணம் போயிருந்தால் ஃபார்வர்டிங்கை எடுத்த கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.