கட்டளைக்கு ஒரு பக்கம்

ஒரு நிரல்மொழியை நிறுவும்போது, நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியோடு, நிரலைச் சீர்படுத்த, சோதிக்க, நூலகங்களைத் தருவிக்க எனக் கட்டளைவரிக் கருவிகள் பலவும் சேர்ந்தே வருகின்றன. இவற்றின் ஆவணத்தைத் திறப்பவர் பெரும்பாலும் வேலையின் நடுவே, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் பாதி தட்டிய கட்டளையோடு, அதன் போக்கை மாற்றும் ஒரு சுவிட்ச் என்ன செய்யும் என்று பார்க்க வருபவர். அவர் கையில் இருப்பது கட்டளையின் பெயர் மட்டுமே.

1971 நவம்பர் தேதியிட்ட, யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டின் முதல் பதிப்பு இதை உணர்ந்தே அமைந்திருந்தது: ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம், தெரிந்த பிழைகள். (பிழைகளைத் தாமே அச்சிடும் அந்த நேர்மை இன்றைய கையேடுகளில் அரிது.) பைத்தான் மொழியில் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஜேசான் என்ற தரவு வடிவிலுள்ள கோப்பை அழகாக அச்சிடும் கட்டளையின் விளக்கம் ஜேசான் நூலகப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. நூலகத்தை அறியாதவர் அங்கே போகமாட்டார். கட்டளையாக இயங்கும் நூலகங்களைத் திரட்டித் தரும் தனிப்பக்கம் இப்போது இருப்பது நல்லது.

அடுத்த சிக்கல், கருவி மாறியும் ஆவணம் மாறாமல் நிற்பது. கோ மொழியில் ஒவ்வொரு துணைக்கட்டளையின் உதவிக் குறிப்பும் அதன் மூலநிரலிலேயே, ஒருவரிச் சுருக்கமாகவும் நீண்ட விளக்கமாகவும் எழுதப்படுகிறது. 'கோ ஹெல்ப்' காட்டுவதும் இணையப் பக்கத்தில் வருவதும் அதே வாசகம்தான். இணையத்துக்காக இக்குறிப்புகளைத் திரட்டி வைத்த கோப்பு பழையதாகிவிட்டால், அதற்கென்றே உள்ள ஒரு சோதனை தோல்வியடையும்.

ஆனால் பல கட்டளைகளுக்குப் பொதுவான சுவிட்ச்களை எங்கே எழுதுவது? கோ அவற்றை நிரலைக் கட்டும் 'பில்ட்' கட்டளையின் பக்கத்தில் ஒருமுறை விளக்கிவிட்டு, சோதிக்கும் 'டெஸ்ட்' பக்கத்துக்கு வருபவரை அங்கே போகச் சொல்கிறது. எழுதுபவருக்கு இது வசதி. அவசரத்தில் வந்தவருக்கோ அலைச்சல். ரஸ்ட் மொழியின் கட்டளைவரிக் கருவியான கார்கோ வேறு வழியில் போகிறது. பொதுப் பத்திகள் தனித்தனிக் கோப்புகளில் ஒருமுறையே எழுதப்பட்டு, ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் முழுமையாகச் சேர்க்கப்படுகின்றன. அதே மூலத்திலிருந்தே டெர்மினலுக்கான கையேடும் இணையப் புத்தகமும் உருவாகின்றன. பக்கங்கள் நீண்டாலும் இதுவே மேல் என்பேன். ஒரே பத்தி பல இடங்களில் வந்தால் ஒட்டாமல் போகுமே என்ற கவலைக்கும் வழி கண்டிருக்கிறார்கள்: வினைச்சொல்லின் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே வரவேண்டிய சொல்லை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் குறிப்பிடுகிறார்கள். ஆகவே குறிப்பிட்ட நிரல் தொகுப்புகளை (பேக்கேஜ்) மட்டும் 'கட்டு' என்று ஒரு பக்கத்தில் வரும் அதே வரி, அடுத்த பக்கத்தில் 'சோதி' என்று வருகிறது.