குறிகாட்டி: சொல் விளக்கம்

இண்டிகேட்டர் என்றதும் வண்டி திரும்பும்போது மினுக்கும் மஞ்சள் விளக்குதான் நினைவுக்கு வரும். மருத்துவமனைகளும் சுகாதாரத் துறைகளும் எப்படி இயங்குகின்றன என்று மதிப்பிடும் அறிக்கைகளில் வரும் இண்டிகேட்டரும் அதே சொல்தான். அங்கே அது, சேவை எப்படி நடக்கிறது என்று சுட்டிக்காட்டும் ஓர் அளவு.

இலத்தீனில் 'இண்டிகாரே' என்றால் சுட்டிக்காட்டுதல். அதற்கு உறவான 'இண்டெக்ஸ்' அந்த மொழியில் ஆட்காட்டி விரலையும் குறித்தது. நாமும் அந்த விரலைச் சுட்டுவிரல் என்றுதானே சொல்கிறோம்!

தமிழில் இதற்கு அளவீடு, குறியீடு, சுட்டி, குறிகாட்டி என்று நான்கும் புழங்குகின்றன. அளவீடு என்பது அளக்கும் செயல், அல்லது அளந்து கிடைத்த எண். குறியீடு என்றால் அடையாளச் சின்னம். பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் இண்டெக்ஸுக்குக் குறியீட்டெண், சுட்டெண் என்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சுட்டி நல்ல சொல்தான். ஆனால் கணினி மவுஸுக்கு அது நிலைத்துவிட்டது. எனக்குக் குறிகாட்டியே சரியென்று படுகிறது. திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் இயல்பாக உட்காருகிறது. திசைகாட்டியைத் திசை என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா? குறிகாட்டி வேறு, அது காட்டும் நிலைமை வேறு என்ற அந்தத் தெளிவு இங்கேயும் வேண்டும்.

தாய் இறப்பு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்ற கணக்கு அது. கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் நேரும் இறப்புகள் மட்டும் இதில் சேரும், விபத்து சேராது. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வர வேண்டும், அவருடைய வகை ரத்தம் இருப்பில் இருக்க வேண்டும், நள்ளிரவிலும் அறுவை சிகிச்சை செய்ய ஆள் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் உயிர் போகலாம். அதனால்தான் அந்த ஒரே எண் இத்தனையையும் சுட்டிக்காட்டுகிறது. ஆனால் 43ஆம் நாள் இறக்கும் தாய் அந்த எண்ணுக்குள் இல்லை. ஓர் ஆண்டுக்குள் நேரும் அத்தகைய இறப்புகளுக்குத் தனி வகை உண்டு. பிள்ளைக்கு எந்த நாளானாலும் இழப்பு ஒன்றுதான்.

சராசரித் தங்கல் நாட்களும், அதாவது ஒரு நோயாளி மருத்துவமனையில் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார் என்ற கணக்கும், அப்படித்தான். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினால் எண் அழகாக இருக்கும். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து மறுபடி வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. அதற்கு மறுசேர்க்கை விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2000இல் உலக சுகாதார நிறுவனம் பல குறிகாட்டிகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கி 191 நாடுகளை வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம். அந்த முறை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

அப்புறம், எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "தாய் இறப்பு விகிதம் மகப்பேற்றுச் சேவையின் ஒரு குறிகாட்டி" என்பது சரி. "குறிகாட்டி குறைந்தது" என்பது பிழை, குறைவது விகிதம்.