வரைபடம் பத்திரமாக இருக்கிறது, விமானம்தான் வராது

"ரஷ்யா அவ்வளவு பெரிய நாடு, எரிந்துபோன குண்டுவீச்சு விமானங்களுக்குப் பதிலாகப் புதிதாக நாலு செய்துகொள்ள மாட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் நடத்திய தாக்குதலைப் பற்றித்தான் கேட்கிறார். மரக் கொட்டகை மாதிரி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ரஷ்ய விமான தளங்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, எங்கிருந்தோ கூரையைத் திறந்து 117 ட்ரோன்களைப் பறக்கவிட்டார்கள். உக்ரைனிலிருந்து 4000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சைபீரியாவில் இருக்கும் பெலாயா தளம்கூடத் தப்பவில்லை. 41 விமானங்களை அடித்தோம் என்றது உக்ரைன். அமெரிக்க அதிகாரிகள் கணக்கில் சுமார் 20 அடிபட்டன, அதில் பத்து போல முழுக்க நாசம்.

பத்துதானே என்று தோன்றும். ஆனால் அடிபட்டவை டியூ-95, டியூ-22எம்3 ரகங்கள். டியூ-95 முதன்முதலில் பறந்தது 1952இல். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டியூ-95எம்எஸ் வகையைச் செய்வது 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது. டியூ-22எம்3 கதையும் ஏறக்குறைய அதே சமயத்தில் முடிந்தது. சோவியத் யூனியன் உடைந்தது, கையில் காசில்லை, ஆர்டர் இல்லை, இதெல்லாம் தெரிந்ததுதான். (அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் டியூ-95இன் சத்தத்தைக் கேட்டே இருப்பார்கள். ராஜாளி தளத்தில் நம் கடற்படை 2017 வரை ஓட்டிய டியூ-142, அதே விமானத்தின் கடற்படை வடிவம்தான்.)

சரி, விமானத்தின் வடிவமைப்பு வரைபடங்கள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்து மறுபடி செய்தால் என்ன? செய்து பார்த்திருக்கிறார்கள். டியூ-160 என்று இன்னொரு குண்டுவீச்சு விமானம், இதுவும் 1990களில் கைவிடப்பட்டதுதான். அதை மறுபடி உற்பத்தி செய்வதென்று 2015இல் முடிவெடுத்தார்கள். பழைய காகித வரைபடங்களையெல்லாம் கணினிக்கு ஏற்றினார்கள். அப்புறமும் புதிதாகச் செய்த முதல் விமானம் பறந்தது 2022 ஜனவரியில். இத்தனைக்கும் அதைச் செய்த கசான் ஆலை அதே இடத்தில்தான் இருந்தது!

ஏழு வருடம் எங்கே போனது? எஞ்சின், மின்னணுச் சாதனங்கள் என்று பல காரணங்கள் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்: வெல்டிங்.

டியூ-160இன் இறக்கைகள் பறக்கும்போதே முன்னும் பின்னும் நகரும். இரண்டு இறக்கைகளின் மொத்தச் சுமையையும் தாங்குவது நடுவில் குறுக்கே கிடக்கும் ஒரு டைட்டானியப் பெட்டி, நீளம் 12 மீட்டருக்கு மேல். டைட்டானியம் எஃகின் வலுவும் அதில் பாதிக்குச் சற்று அதிகமான எடையும் கொண்ட நல்ல உலோகம், ஆனால் சூடானால் குணம் மாறிவிடும். சில நூறு டிகிரி தாண்டியதுமே காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டர்கள் அதை நிறத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள்: பற்றவைத்த இடம் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தால் சரி, நீலம் தட்டினால் சந்தேகம், வெள்ளையாக மாவு பூத்திருந்தால் அந்த வேலை குப்பைக்கு.

அதனால் பெட்டியின் பாகங்களை அப்படியே ஒரு பெரிய அறைக்குள் தள்ளி, காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கிறார்கள். பழைய பெட்டி டிவியின் பின்பக்கம் இருந்ததே எலெக்ட்ரான் துப்பாக்கி, அதே தத்துவம்தான், பலமடங்கு முரட்டுத்தனமானது. சூடான கம்பியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களை, உதாரணத்துக்கு 60,000 வோல்ட் கொடுத்து விரட்டினால், ஒளியின் வேகத்தில் பாதியை நெருங்கிவிடும். காந்தச் சுருள் அவற்றை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியாகக் குவிக்கும். அந்தப் புள்ளியில் டைட்டானியம் உருகுவதோடு நிற்காமல் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி, உருகிய உலோகத்தை ஓரமாகத் தள்ளி ஒரு மெல்லிய ஆழமான துளையைத் திறக்கிறது. கற்றை அந்தத் துளைக்குள் இன்னும் கீழே போய் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. கற்றை நகர நகர, முன்னால் துளை திறந்துகொண்டே போகும், பின்னால் உருகிய உலோகம் வந்து மூடி உறைந்துகொண்டே வரும். பல சென்டிமீட்டர் தடிமனை ஒரே ஓட்டத்தில் ஒட்டிவிடலாம். அக்கம்பக்கம் அதிகம் சூடாகாததால் பாகம் கோணுவதும் குறைவு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எலெக்ட்ரான் நேராக ஓடவும் காற்று இருக்கக் கூடாது, டைட்டானியம் கெடாமல் இருக்கவும் காற்று இருக்கக் கூடாது என்பதுதான். ஒரே வெற்றிடம் இரண்டு தொல்லையையும் தீர்த்துவிடுகிறது.

ஆனால் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுச் சட்டத்தில் துளி காந்தத்தன்மை மிச்சமிருந்தால்கூடக் கற்றை வளைந்து இணைப்பைத் தவறவிடும். எந்த இணைப்பை முதலில் பற்றவைப்பது, ஆறும்போது எங்கே எவ்வளவு சுருங்கும், அதற்கு முன்கூட்டியே எவ்வளவு இடம் விடுவது, இதில் பாதிதான் காகிதத்தில் ஏறும். மீதி, தினமும் அதையே செய்பவர்களின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. இருபது வருடம் வேலை இல்லையென்றால் அவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள். அமெரிக்கர்கள் இதை உணர்ந்துதான் எஃப்-22 போர் விமான உற்பத்தியை மூடும்போது கருவிகளைப் பத்திரப்படுத்தியதோடு, ஆட்கள் வேலை செய்வதை வீடியோவாகவும் எடுத்துவைத்தார்கள். அப்படியும் 2017இல் கணக்குப் போட்டபோது, 194 விமானங்கள் மறுபடி செய்ய 50 பில்லியன் டாலர் ஆகும் என்று வந்தது. பேச்சு அதோடு நின்றது.

ஆக, டியூ-95ஐ யாரும் மறுபடி செய்யப்போவதில்லை. மிச்சமிருப்பவையே எரிந்துபோனவற்றின் வேலையையும் சேர்த்துப் பறக்க வேண்டும், அதனால் அவற்றின் ஆயுளும் வேகமாகக் கரையும்.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. தேஜஸ் விமானத்தின் எஃப்-404 எஞ்சினை நமக்காக 65 செய்து கொடுத்த அமெரிக்க நிறுவனம், 2016க்குப் பிறகு ஆர்டர் இல்லாததால் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. 2021இல் நாம் மறுபடி 99 கேட்டோம். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. ஐந்தே வருட இடைவெளிக்கு, அதுவும் அமெரிக்காவில், இவ்வளவு தாமதம். நம்முடைய காவேரி எஞ்சின் திட்டமோ 1980களின் கடைசியில் அனுமதி பெற்று இன்னும் போர் விமானத்தில் ஏறவில்லை. ரஃபேல் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததை நாடே டிவியில் பார்த்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் பழத்துக்குச் செலவு குறைவு, போகட்டும். காவேரிக்குச் சோதனை வசதி கேட்கும்போது மட்டும் "இத்தனை வருடமாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு ஃபைலை மூடிவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வருடாவருடம் கொஞ்சமாவது பணம் போய்க்கொண்டிருந்தால்தான் அந்த வேலை தெரிந்த ஆட்கள் ஆய்வகத்தில் இருப்பார்கள். இல்லையென்றால் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.