சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: செல் தின்பதும் மரபணு விழிப்பதும்

சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்கள் மிக நிதானமாகப் பெருகுபவை. சுவர் புதுப்பித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். புகையிலைப் புகையிலுள்ள அரோமாட்டிக் அமீன்கள் என்ற ரசாயனங்கள் சிறுநீரில் கலந்து அங்கே மணிக்கணக்காகத் தேங்கும்போது, டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழைகள் சேரத் தொடங்குகின்றன. பிழை எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம்.

டெர்ட் என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். டெலோமரேஸ் நொதிக்கான செய்முறை இதில் இருக்கிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் குரோமோசோம்களின் நுனி தேயும். ஒரு கட்டத்துக்கு மேல் தேய்ந்துவிட்டால் பிரிவது நின்றுவிடும். டெலோமரேஸ் அந்த நுனியை மறுபடி வளர்த்துவிடும் என்பதால், உடலின் பெரும்பாலான செல்களில் டெர்ட் அணைந்தே கிடக்கிறது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், இந்த மரபணுவின் செய்முறை தொடங்குவதற்கு 124 அல்லது 146 எழுத்து முன்னால் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. சி இருந்த இடத்தில் டி, அவ்வளவுதான். செய்முறை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஓர் எழுத்தால் ஜி.ஏ.பி.பி. என்ற புரதம் வந்து ஒட்ட இடம் கிடைத்துவிடுகிறது. அது ஒட்டியதும் டெர்ட் விழித்துக்கொள்ளும், பிரிவதற்கு இருந்த வரம்பும் போய்விடும்.

சரி, வரம்பு போனால் போதுமா? புதிய செல் கட்டப் பொருள் வேண்டுமே. ஆரம்ப நிலைக் கட்டிகளில் அடிக்கடி பழுதாகும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணு, வளரச் சொல்லி ஓயாமல் உத்தரவு கொடுப்பதோடு கொழுப்பு தயாரிக்கும் நொதிகளையும் முடுக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம் செல் குளுக்கோஸை அள்ளி அள்ளி உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போதும் அதை முழுதாக எரிக்காமல், பெரும்பகுதியை லாக்டேட்டாக வெளியே தள்ளுகிறது. 1920களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தது இதைத்தான். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் சுமார் 30 கிடைக்கும், இந்த வழியில் 2 மட்டுமே. ஆனால் பாதி வழியில் கிடைக்கும் கார்பன் துண்டுகளைக் கொண்டு புது டி.என்.ஏ.வையும் சவ்வையும் கட்டிக்கொள்ளலாம். (இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று அர்த்தமில்லை. நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸைக் குறையவிடாது.)

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் நடப்பது. உணவிலிருந்து வரும் அதே துண்டுகள் மரபணுக்களிடமே திரும்பிப் போகின்றன. குளுக்கோஸ் முதலியவை சிதையும்போது உருவாகும் அசிட்டைல் கோஏ-வின் அசிட்டைல் துண்டு, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஏறினால் அந்தப் பகுதி நெகிழ்ந்து, மரபணு இயங்க வழி கிடைக்கிறது. லாக்டேட்கூட ஹிஸ்டோனில் ஏறுகிறது என்பது 2019இல் தெரியவந்தது. மரபணுக்களை அடக்கி வைக்கும் மீத்தைல் குறிகளை அழிப்பது கே.டி.எம்.6ஏ என்ற நொதி. தசைவரை பரவிய கட்டிகளில் சுமார் நான்கில் ஒன்றில் அதன் மரபணு பழுதாகியிருக்கிறது. பழுதாகாத இடத்திலும் அது வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், கட்டியின் நடுப்பகுதியிலோ ஆக்சிஜன் பற்றாக்குறை. ஆக, மரபணு செல்லின் உணவுப் பழக்கத்தை மாற்றுகிறது, உணவு மரபணு இயங்கும் விதத்தை மாற்றுகிறது.

இந்தச் சுழற்சியிலேயே சிகிச்சைக்கும் ஒரு வழி இருக்கிறது. பல கட்டிகளில் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துபோகும். பிரிவதைக் கட்டுப்படுத்தும் சி.டி.கே.என்.2ஏ அதில் போவதால் கட்டிக்கு லாபம். ஆனால் பக்கத்திலிருக்கும் எம்.டி.ஏ.பி. மரபணுவும் பெரும்பாலும் கூடவே போய்விடும். அது இல்லாத செல்லில் எம்.டி.ஏ. என்ற கழிவு தேங்கி, செல்லுக்கு இன்றியமையாத பி.ஆர்.எம்.டி.5 நொதியைப் பாதி முடக்குகிறது. மீதிப் பாதியையும் முடக்கும் மருந்துகள் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன. கழிவு தேங்காத நல்ல செல்களை அவை பெரும்பாலும் விட்டுவிடும்.